நாடு மாறி, ஆட்டம் மாறி: வேறொரு கால்பந்து வகைக்குச் செல்லும் வீரருக்கான முழுமையான வழிகாட்டி

'ஃபுட்பால்' என்ற சொல் டப்ளினில் பலருக்கு உருண்டைப் பந்தைக் கையாலும் காலாலும் ஆடும் கேலிக் கால்பந்தை நினைவூட்டும். மெல்போர்னில் அதே சொல் பெரிய நீள்வட்ட மைதானத்தில் அணிக்குப் பதினெட்டுப் பேர் ஆடும் ஆஸ்திரேலிய ரூல்ஸைக் குறிக்கும். பிலடெல்பியாவில் தலைக்கவசம் அணிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்தைக் குறிக்கும். 15 பேர் ஆடும் ரக்பி யூனியன், 13 பேர் ஆடும் ரக்பி லீக், உலகெங்கும் ஆடப்படும் சாக்கர் ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் ஒன்றில் வளர்ந்த வீரர் நாடு கடந்து சென்று இன்னொன்றை ஆட முயல்வது நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. அந்த முயற்சியை எண்ணிக்கொண்டிருக்கும் வீரருக்கும், அவருடைய பயிற்சியாளருக்கும் குடும்பத்துக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேகமும் உடற்கட்டும் உங்களை ஒரு சோதனை முகாம் வரை அழைத்துச் செல்லும். அங்கே நிலைத்திருக்கச் செய்வது, பெயர் சொல்லிக் காட்டக்கூடிய ஒரே ஒரு திறனும், அந்தத் திறன் தேவைப்படும் ஒரே ஒரு ஆடுமிடமும்தான். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த இரண்டையும் பொருத்துவதற்கான வேலைகளே.

படி 1: கையில் இருப்பதைக் கணக்கெடுங்கள்

ஒரு தாளை எடுத்து, உங்கள் ஆட்டத்தில் நீங்கள் செய்யும் செயல்களைத் தனித்தனியாக எழுதுங்கள். 'நல்ல தடகள வீரர்' என்று எழுதுவதால் பயனில்லை. அப்படிப்பட்டவர்கள் நீங்கள் செல்லவிருக்கும் நாட்டில் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள். 'ஓடிக்கொண்டே இரு கால்களாலும் 50 மீட்டர் உதைப்பேன்', 'நெருக்கத்தில் உயர எழும்பிப் பந்தைப் பிடிப்பேன்', 'என்னைவிடக் கனமானவரின் உந்துதலைக் கால்களை நகர்த்தித் தாங்குவேன்' என்று செயலாக எழுதுங்கள். பிறகு, இந்தச் செயல்களில் எது அந்த நாட்டு வீரர்களுக்குச் சிறுவயதிலிருந்து பழக்கப்படாதது என்று பாருங்கள். அதுதான் உங்கள் முதலீடு.

ஆஸ்திரேலிய உதைப்பாளர்கள் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தையே மாற்றிய கதை இதற்கு நல்ல சான்று. ஆஸ்திரேலிய ரூல்ஸில் ஒவ்வொரு வீரரும் எதிரி துரத்திவர, ஓடியபடி, இலக்குப் பார்த்து உதைக்கப் பழகுகிறார். அமெரிக்கக் கால்பந்தில் கையிலிருந்து விட்ட பந்தை உதைத்து எதிரணியிடம் ஒப்படைக்கும் பன்ட்டர் என்ற ஆடுமிடம் இருக்கிறது. அங்கே வளர்ந்தவர் பெரும்பாலும் நின்ற இடத்திலிருந்து உயரமாகவும் தூரமாகவும் உதைக்கக் கற்றவர். கல்லூரி விதிப்படி, உதைக்கும் அணியின் எல்லா வீரர்களும் பந்து உதைக்கப்படும் முன்பே முன்னோக்கி ஓடலாம். ஆகவே பன்ட்டர் பக்கவாட்டில் ஓடி நேரத்தை நீட்டித்து உதைத்தால், பந்து விழுமிடத்துக்கு அவருடைய தோழர்கள் முன்கூட்டியே சென்றுவிடுகிறார்கள். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஓரங்களில் நிற்கும் இருவர் மட்டுமே அப்படி முந்தி ஓட முடியும். அதனால் கல்லூரியில் பளிச்சிடும் அதே உத்தி அங்கே குறைவாகவே பயன்படுகிறது. ஆஸ்திரேலிய முறையில் பந்தைப் பின்சுழல விட்டு உதைப்பதற்கு இரு இடங்களிலும் மதிப்பு உண்டு. கோட்டருகே விழும் பந்து எல்லை தாண்டி ஓடாமல் நிற்க அது உதவுகிறது.

இந்தப் பொருத்தத்தைத் தொழிலாகவே ஆக்கிய பயிற்சி நிறுவனம் ப்ரோகிக் ஆஸ்திரேலியா. 2007-ல் நேதன் சாப்மன் தொடங்கியது. அதற்கு முன்பே ஆஸ்திரேலிய ரூல்ஸ் வீரர் டேரன் பென்னட் 1995-ல் சான்டியாகோ சார்ஜர்ஸ் அணியில் ஆடத் தொடங்கிவிட்டார். ஆஸ்திரேலிய ரூல்ஸின் ஜீலாங் அணியின் தலைவராக இருந்த பென் கிரஹாம் 2005-ல் நியூயார்க் ஜெட்ஸுக்குச் சென்று, 2009-ல் அரிசோனா அணிக்காக, என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் ஆடிய முதல் ஆஸ்திரேலியர் ஆனார். சாவ் ரோக்கா 33 வயதில் பிலடெல்பியாவில் அறிமுகமானார். வயது தடையாகாத ஒரு கதவு இருக்கிறது என்பதை இவர்கள் காட்டினார்கள். ஆனால் அந்தக் கதவு மிகவும் குறுகலானது: ஓர் அணியில் ஒரே ஒரு பன்ட்டருக்குத்தான் இடம்.

படி 2: நாட்டையும் கிளப்பையும் தேர்வதற்கு முன் ஆடுமிடத்தைத் தேருங்கள்

இந்தப் படியில் தவறுபவர்கள்தான் மிகுதி. புகழ்பெற்ற வீரர்களும் இங்கேதான் சறுக்கினார்கள்.

சாம் பர்ஜெஸ் சிட்னியில் ரக்பி லீக்கின் உச்சத்தில் இருந்தவர். 2014-ல் சவுத் சிட்னி அணியோடு இறுதிப் போட்டியை வென்ற கையோடு, இங்கிலாந்தின் பாத் கிளப்புக்கு ரக்பி யூனியன் ஆடச் சென்றார். கிளப் அவரைப் பெரும்பாலும் முன்கள ஆட்டக்காரர்களில் ஒருவரான பிளாங்கராக ஆட வைத்தது. தேசிய அணியோ 2015 உலகக் கோப்பையில் பின்களத்தின் சென்டராக நிறுத்தியது. பிளாங்கர் கற்க வேண்டியது, தரையில் விழுந்த பந்துக்கான மோதலில் எப்போது நுழைவது, எப்போது விலகுவது என்பது. சென்டர் கற்க வேண்டியது, தற்காப்பு வரிசையின் இடைவெளிகளைப் படித்து அண்டை வீரரோடு சேர்ந்து நகர்வது. இவ்விரண்டையும் ஓராண்டுக்குள் ஒருவர் கற்றுவிட வேண்டும் என்று எதிர்பார்த்ததே நியாயமற்றது என்பது என் கருத்து. இங்கிலாந்து குழு நிலையிலேயே வெளியேறியது. பர்ஜெஸ் அந்த ஆண்டே சிட்னிக்குத் திரும்பினார். திறமை குறைந்ததால் நேர்ந்த தோல்வி என்று அதை நான் எண்ணவில்லை.

ரக்பியின் ஓரத்து விங் வீரர்கள் அமெரிக்கா செல்லும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. இங்கிலாந்தின் கிறிஸ்டியன் வேட் 2019-ல் பஃபலோ பில்ஸ் அணிக்காக, பருவத்துக்கு முந்தைய பயிற்சிப் போட்டியில் முதல் முறை பந்தைத் தொட்டபோதே 65 கெஜம் ஓடி, பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்க்கும் டச்டவுன் எடுத்தார். வேல்ஸின் லூயிஸ் ரீஸ்-ஸாமிட் 2024 ஜனவரியில் ரக்பியை விட்டு, கான்சஸ் சிட்டிக்கும் பிறகு ஜாக்சன்வில்லுக்கும் சென்றார். இருவருமே புள்ளிகள் கணக்கில் வரும் பருவப் போட்டி ஒன்றில்கூட ஆடாமல் ரக்பிக்குத் திரும்பினார்கள். வேகம் அவர்களிடம் குறைவாக இருந்ததில்லை. ஆனால் ரன்னிங் பேக் என்ற ஆடுமிடத்தில் பந்தோடு ஓடுவது வேலையின் ஒரு பகுதி மட்டுமே. தன் அணியின் தடுப்பாளர்கள் வழி திறக்கும் வரை அரை நொடி பொறுக்க வேண்டும். ஆட்டத்தை நடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயப்போகும் எதிரி எவர் என்று பந்து நகரும் முன்பே கணித்து, அவரைத் தடுத்து நிறுத்த வேண்டும். அங்கே பத்து வயது முதல் இதைச் செய்துவரும் இளைஞர்கள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் வருகிறார்கள்.

இப்போது ஜோர்டன் மைலாட்டாவைப் பாருங்கள். 2 மீட்டருக்கும் மேல் உயரம், 160 கிலோவுக்கும் மேல் எடை. சவுத் சிட்னியின் இளையோர் ரக்பி லீக் அணியில் அவர் பந்தோடு மோதி முன்னேறும் வீரர். அமெரிக்கர்கள் அவரிடம் பந்தைக் கொடுக்கவே இல்லை. குவார்ட்டர்பேக்கின் பார்வைக்கு மறைந்த பக்கத்தைக் காக்கும் லெஃப்ட் டேக்கிள் என்ற ஒரே இடத்தைக் காட்டி, அதை மட்டும் கற்கச் சொன்னார்கள். அவ்வளவு பெரிய உடலில் அவ்வளவு லாகவமான கால் நகர்வு எந்த நாட்டிலும் அரிது. 2018-ல் அமெரிக்கக் கால்பந்தில் ஒரு போட்டிகூட ஆடியிராத நிலையில், அணிகள் புதியவர்களை முறைவைத்துத் தேரும் டிராஃப்டின் ஏழாவது சுற்றில், 233-ஆவது ஆளாக பிலடெல்பியா ஈகிள்ஸ் அவரைத் தேர்ந்தது. 2025 பிப்ரவரியில் அவர் சூப்பர் பவுல் வென்ற அணியின் தூணாக நின்றார்.

ஆகவே எந்தக் கிளப் அழைத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'என்னை எந்த இடத்தில் ஆட வைப்பீர்கள், அதை எவர் கற்பிப்பார்?' என்பதே. இதற்குத் தெளிவான விடை கிடைக்காவிட்டால், ஊதியம் எவ்வளவாக இருந்தாலும் பொறுத்திருங்கள்.

படி 3: எந்த வாசல் வழியாக நுழைவது

அமெரிக்கக் கால்பந்துக்கு இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று, என்எஃப்எல் 2017-ல் தொடங்கிய சர்வதேச வீரர் பாதைத் திட்டம். தேர்வானவர்கள் சுமார் பத்து வாரம் தீவிரப் பயிற்சி பெற்று அணிகளின் முன் தம் திறனைக் காட்டுகிறார்கள். 2024 முதல் 32 அணிகளும் தங்கள் 16 பேர் கொண்ட பயிற்சிக் குழுவுக்கு மேல் வெளிநாட்டு வீரர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். வட அயர்லாந்தின் டவுன் மாவட்டத்துக்காக கேலிக் கால்பந்தில் கோல்காப்பாளராக இருந்த சார்லி ஸ்மித் இந்த வழியில்தான் 2024-ல் நியூ ஆர்லியன்ஸ் அணியில் உதைப்பாளராகச் சேர்ந்தார். மற்றொன்று கல்லூரி உதவித்தொகை. இளையவர்களுக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். ஆட்டம் கைகூடாவிட்டாலும் பட்டம் கையில் இருக்கும். சிட்னியில் வளர்ந்த மைக்கேல் டிக்சன் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆடி, 2017-ல் கல்லூரிகளின் சிறந்த பன்ட்டருக்கான ரே கை விருதை வென்று, மறு ஆண்டு சியாட்டிலுக்குத் தேர்வானார்.

ஆஸ்திரேலிய ரூல்ஸின் உச்ச லீக்கான ஏஎஃப்எல், அந்த ஆட்டத்தை ஆடிவராதவர்களைச் சேர்க்க 'பி பிரிவு' புதுவரவுப் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. இளம் அயர்லாந்து வீரர்கள் பலர் இதன் வழியே நுழைகிறார்கள். ரக்பியின் இரு வகைகளுக்கு இடையே இத்தகைய பாலங்கள் தேவைப்படுவதில்லை. அங்கே கிளப்போடு நேரடி ஒப்பந்தம்தான்.

பெண்களுக்கான கணக்கு சற்று வேறு. ஆஸ்திரேலியப் பெண்கள் லீக்கின் பருவம் ஆண்களுடையதைவிடக் குறுகியது. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்துக் கேலிக் கால்பந்து வீராங்கனை கோரா ஸ்டான்டன் 36 வயதில், 2018 பருவத்தில் மேற்கு சிட்னி அணியில் அறிமுகமாகிப் பல பருவங்கள் ஆடினார். பருவங்கள் மோதாதிருந்தால் தாயகத்து ஆட்டத்தையும் தொடரலாம்; ஆனால் லீக்கின் நாட்காட்டி மாறியிருக்கிறது, இனியும் மாறலாம் என்பதால் கையெழுத்திடும் முன் அந்த ஆண்டின் தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

படி 4: விடுவிப்பு, ஒப்பந்தம், விசா

ஒரே ஆட்டத்துக்குள் கிளப் மாறும்போது உலக அமைப்பின் மாற்றுச் சான்றிதழ் முதலிய ஏற்பாடுகள் இருக்கின்றன. ஆட்ட வகையே மாறும்போது பொதுவாக அப்படிப்பட்ட பொது அமைப்பு எதுவும் நடுவில் இல்லை. உங்களைக் கட்டுவது பழைய ஒப்பந்தமும் அந்த நாட்டுச் சட்டமும்தான். சோனி பில் வில்லியம்ஸ் 2008-ல் சிட்னியின் புல்டாக்ஸ் கிளப்பில் ஒப்பந்தம் மீதமிருக்க, பருவத்தின் நடுவே பிரான்சின் தூலோன் ரக்பி யூனியன் கிளப்புக்குச் சென்றார். விவகாரம் நீதிமன்றம் சென்று, இழப்பீடு கொடுத்த பின்பே தீர்ந்தது. பின்னாளில் அவர் நியூசிலாந்துக்காக இரண்டு உலகக் கோப்பைகளை வென்றார் என்பது உண்மை. ஆயினும் அந்த இழப்பீட்டைத் தாங்கும் வசதி எல்லோருக்கும் இருக்காது. எழுத்து மூலமான விடுவிப்புக் கடிதம் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

புதிய ஒப்பந்தத்தில் நான்கு இடங்களை வழக்கறிஞரோடு சேர்ந்து படியுங்கள்: எத்தனை ஆண்டு உறுதி, காயத்தின்போது ஊதியமும் சிகிச்சையும் எவர் பொறுப்பு, அணியிலிருந்து நீக்கப்பட்டால் திரும்பும் பயணச் செலவு எவருடையது, ஆண்டுக்கு எத்தனை முறை வீட்டுக்குச் செல்ல விமானச் சீட்டு. என்எஃப்எல் ஒப்பந்தத் தொகைகள் பெரிதாகத் தோன்றும். அவற்றில் உறுதியளிக்கப்பட்ட பகுதி எவ்வளவு என்பதே உங்கள் உண்மையான ஊதியம்.

விசாவைக் கிளப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவில் தொழில்முறை வீரர்கள் பெரும்பாலும் பி-1ஏ (P-1A) விசாவில் செல்கிறார்கள். அவர்களைச் சார்ந்து பி-4 (P-4) விசாவில் வரும் துணைவர் படிக்கலாம், வேலை செய்ய முடியாது. இதைக் குடும்பத்தில் முன்கூட்டியே பேசாமல் போனவர்களுக்கு அந்த முதல் ஆண்டு மிகக் கடினமாக அமையும். கல்லூரி வழியே எஃப்-1 மாணவர் விசாவில் செல்பவர், அமெரிக்கச் சக மாணவர்கள் விளம்பர ஒப்பந்தங்களில் சம்பாதிப்பதைக் கண்டு தானும் கையெழுத்திட்டுவிடக் கூடாது. அந்த விசாவின் வேலைக் கட்டுப்பாடுகள் அதற்கும் பொருந்தக்கூடும் என்பதால் கல்லூரியின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தை முதலில் கேளுங்கள். பிரிட்டனில் 2021 அக்டோபர் முதல் சர்வதேச விளையாட்டு வீரர் விசா என்ற தனி வகை இருக்கிறது. அதற்கு அந்த விளையாட்டின் நிர்வாக அமைப்பு தரும் ஒப்புதல் தேவை. ஆஸ்திரேலியாவில் 408 என்ற தற்காலிகச் செயல்பாட்டு விசாவில் விளையாட்டுக்கான பிரிவு உள்ளது.

படி 5: உடலைப் புதிய ஆட்டத்துக்கு வார்த்தல்

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் ஆட்டத்துண்டு சில நொடிகளில் முடிந்து, அடுத்ததற்கு 40 நொடி வரை அவகாசம் கிடைக்கும். ஆஸ்திரேலிய ரூல்ஸில் நடுக்கள வீரர் ஒரு போட்டியில் 12 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுவது வழக்கம். ஆகவே முதலாவதுக்குச் செல்பவர் நெடுநேர ஓட்டத்தைக் குறைத்து, முழு ஓய்வோடு கூடிய வெடிப்பான குறுஓட்டங்களுக்கும் பளுதூக்கலுக்கும் மாற வேண்டும். இரண்டாவதுக்குச் செல்பவர் நேர்மாறாக. எடையை ஏற்றுவதோ இறக்குவதோ ஒரே கோடைக்குள் முடிய வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். தசை விரைவில் வளரும், தசைநார் அத்தனை விரைவில் பழகாது. தொடைப் பின்தசைக் காயங்கள் பலவும் இந்த இடைவெளியில்தான் வருகின்றன.

செல்வதற்கு முன், பழைய மருத்துவக் கோப்புகளையும், குறிப்பாக மூளையதிர்ச்சி நேர்ந்த ஒவ்வொரு முறையின் பதிவையும், பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். புதிய மருத்துவருக்கு உங்கள் இயல்பு நிலை எதுவென்று தெரியாது. மறைத்துத் தேர்வாவது ஒருபோதும் வேண்டாம்.

படி 6: பந்தையும் விதியையும் உடலுக்குள் கொண்டுசெல்லுதல்

பந்தின் வடிவமே முதல் ஆசிரியர். கேலிக் கால்பந்தின் உருண்டைப் பந்தைக் கையிலிருந்து எப்படி நழுவவிட்டாலும் காலில் படும் முகம் ஒன்றே. ஆஸ்திரேலியாவின் நீள்வட்டப் பந்து சிறிது சாய்ந்து விழுந்தாலும் திசை கெட்டுவிடும். எனவே புதியவர் காலைத் திருத்துவதற்கு முன் கையைத் திருத்த வேண்டும்: பந்தை விடும் கை கூடியவரை கீழே வரை அதனோடு சென்று, முனை தாழ்ந்த நிலை மாறாமல் பாதத்தில் ஒப்படைக்க வேண்டும். உதைக்காமலேயே, நின்றபடி பந்தைப் பாதத்தில் விடுவதை மட்டும் நாளுக்கு இருநூறு முறை செய்யுங்கள். சலிப்பூட்டும் பயிற்சிதான்; ஆனால் இதற்குக் குறுக்குவழி இல்லை.

அடுத்தது மோதல். கேலிக் கால்பந்தில் தோளோடு தோள் மோதலாம், பந்தைத் தட்டலாம், ஆளைக் கட்டிப் பிடித்து வீழ்த்தக் கூடாது. ஆஸ்திரேலிய ரூல்ஸில் பந்து வைத்திருப்பவரைத் தோளுக்குக் கீழும் முழங்காலுக்கு மேலும் பிடித்து வீழ்த்தலாம். ரக்பியில் கைகளால் சுற்றிப் பிடிக்காமல் மோதுவது தவறு. அமெரிக்கக் கால்பந்தில் பந்தே இல்லாதவரையும் தடுக்கலாம், உங்களையும் அப்படித் தடுப்பார்கள். ரக்பியிலிருந்து செல்பவர்களுக்கு இதுவே நெடுநாள் அதிர்ச்சி. ரக்பி கற்றுக்கொடுத்த நல்ல பழக்கங்களை அதற்காகத் தூக்கி எறிய வேண்டாம். சியாட்டில் அணி தலையை ஒதுக்கித் தோளால் வீழ்த்தும் ரக்பி பாணியை 2014-ல் காணொளிப் பாடமாகவே வெளியிட்டது.

மூன்றாவது, பார்வை. ரக்பியிலும் அமெரிக்கக் கால்பந்திலும் எதிரி பெரும்பாலும் முன்னால் இருப்பார். ஆஸ்திரேலிய ரூல்ஸில், பந்துக்கு முன்னால் நிற்பதைத் தடுக்கும் ஆஃப்சைடு விதியே இல்லாததால் நான்கு புறமிருந்தும் வருவார்கள். பந்தைப் பிடிக்கும் முன் இரு தோள்களுக்கும் பின்னால் ஒருமுறை பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்வது எளிது. களைப்பிலும் பதற்றத்திலும் உடல் பழைய ஆட்டத்தின் விதிக்கே திரும்பிவிடும். டப்ளின் இளைஞர் ஜிம் ஸ்டைன்ஸ் 1984-ல் மெல்போர்னுக்கு வந்து, 1987-ல் மூத்த அணியில் அறிமுகமானார். அந்த ஆண்டு இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டத்தின் கடைசிக் கணத்தில், எதிரணியான ஹாதார்னின் வீரர் உதைக்கவிருந்தபோது, அவருக்கும் தன் சக வீரருக்கும் இடையே குறுக்கே ஓடினார். அந்த ஆட்டத்தில் வளர்ந்த எந்தச் சிறுவனும் செய்யாத செயல் அது. 15 மீட்டர் தண்டனை, அதனால் நெருங்கிய இலக்கு, மணி ஒலித்த பின் விழுந்த கோல், மெல்போர்னுக்குத் தோல்வி. அதே ஸ்டைன்ஸ் 1991-ல் லீக்கின் மிகச்சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் பெற்றார். தொடர்ந்து 244 போட்டிகள் ஆடியது 2025 வரை லீக்கின் சாதனையாக இருந்தது. எனவே பயிற்சியின் இறுதி இருபது நிமிடங்களை, முற்றிலும் களைத்த நிலையில் விதிச் சிக்கல்களை எதிர்கொள்வதற்கென ஒதுக்கச் சொல்லிப் பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

படி 7: ஆடாமல் இருக்கும் ஆண்டுகள்

மைலாட்டா முதல் இரண்டு பருவங்களிலும் ஒரு போட்டிகூட ஆடவில்லை, 2020-ல்தான் களமிறங்கினார். ஸ்டைன்ஸும் முதலில் கீழ்நிலைப் போட்டிகளில் ஆடியே தேறினார். இரண்டு ஆண்டுகளைக் கற்றல் காலமாக முதலிலேயே எண்ணிக்கொண்டால் அவை தோல்வியாகத் தோன்றாது. அந்தக் காலத்தில் முன்னேற்றத்தை அளக்கப் போட்டிகள் இல்லை என்பதால், வாரம் ஒரு காணொளிப் பதிவை எடுத்து, மூன்று மாதத்துக்கு முந்தையதோடு ஒப்பிடுங்கள். உங்கள் ஆடுமிடத்தில் முப்பது வயதைக் கடந்த ஒருவரைத் தேடிப் பிடித்து அவருக்கு அருகில் உட்காருங்கள். பயிற்சியாளர் சொல்ல மறப்பதை அவர் சொல்வார்.

தனிமை மெய்யான எதிரி. ஊரில் பெயர் தெரிந்த வீரராக இருந்தவர், பெயரைச் சரியாக உச்சரிக்கக்கூட ஆளில்லாத இடத்தில் கடைசி ஆளாகத் தொடங்குகிறார். தனி வீட்டில் குடியேறுவதைவிட, முதலாண்டில் சக வீரரோடோ கிளப் ஏற்பாடு செய்யும் குடும்பத்தோடோ தங்குவது நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை.

படி 8: திரும்பும் வழியைத் திறந்து வைத்தல்

டைரோன் மாவட்டத்தின் கானர் மக்கென்னா ஆஸ்திரேலியாவில் ஆடிவிட்டு 2020-ல் வீடு திரும்பி, 2021-ல் தன் மாவட்டத்தோடு கேலிக் கால்பந்தின் அயர்லாந்துக் கோப்பையை வென்றார். மறுபடி சென்று 2024-ல் பிரிஸ்பேன் அணியோடு ஏஎஃப்எல் பட்டத்தையும் வென்றார். அயர்லாந்தின் கெரி மாவட்டத்து டைக் கென்னெலி இவ்விரு கோப்பைகளையும் 2005-லும் 2009-லும் நேர்மாறான வரிசையில் பெற்றவர். ஆகவே திரும்புவதை முன்பே திட்டமிடுவதில் கூச்சம் வேண்டாம்.

ஒரே ஒரு காகித வேலையை மட்டும் மறவாதீர்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி, பதிவுபெற்ற சோதனைப் பட்டியலில் இருக்கும்போது ஓய்வை அறிவித்த வீரர், மீண்டும் போட்டியிட விரும்பினால் ஆறு மாதம் முன்னதாக எழுத்தில் தெரிவித்து, அந்தக் காலம் முழுவதும் சோதனைக்குக் கிடைக்க வேண்டும். என்எஃப்எல் தன் சொந்த ஊக்கமருந்து விதிகளின்கீழ் இயங்குவதால், அங்கே பெறும் மருந்து அனுமதி வீட்டுக்கு வந்தபின் செல்லாமல் போகலாம். எனவே கிளம்பும் நாளிலேயே உங்கள் பழைய சங்கத்திடம் உங்கள் பதிவு நிலை என்னவென்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டில் உட்கொள்ளும் ஒவ்வொரு மருந்தின் பெயரையும் தேதியையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.